மடுவை விட்டு ஏறாத மாப்பிள்ளை

ஆரணி,
தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை, 1969

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அருணாச்சலம் அவர்கள் சமூகத்துக்கு அப்பாவு பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். தங்கள் குமாரர் பூவராகவனும் சுகம்தான், ஆனால் ஈரமாக இருக்கிறார்.

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு விடியற்காலை எண்ணெய் தேய்த்து உட்காரவைத்தோம். அண்டா ஓட்டையாகி வெந்நீர் மொத்தமும் அடுப்பை அணைத்துவிட்டது. "ஆற்று மடுவிலேயே ஒரு முழுக்குப் போட்டுவிடுங்கள் மாப்பிள்ளை" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அன்று பிடித்தது சனி. இருட்டினால் வீட்டுக்கு வருகிறார், விடிந்தால் மடுவில் இருக்கிறார். தலை தீபாவளி மாப்பிள்ளையை "ஏறு மேலே" என்று அதட்ட முடியுமா? என் சம்சாரம் கங்கம்மாள் அதிரசத்தையும் கறிக்குழம்பையும் கரைக்கே தூக்கிக்கொண்டு நடக்கிறாள். அவர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றே சாப்பிடுகிறார். குழம்பு வாசனைக்கு மீன்கள் கூடிவிடுகின்றன, என் மகள் கோவிந்தம்மா பட்டுப் புடவையோடு மீன் விரட்டுகிறாள்.

என் மைத்துனன் நாகமுத்துவை அனுப்பினேன். "இதோ, அலாக்கா தூக்கினு வரேன் மாமா" என்று கிளம்பினான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் மல்லாந்து மிதக்கிறார்கள்.

இதற்கிடையில் மாப்பிள்ளை வேலை பார்க்கும் இரும்புக் கம்பெனியிலிருந்து தந்தி, திங்கட்கிழமை வராவிட்டால் வேலை இல்லையாம். கரையில் நின்று உரக்கப் படித்தேன். "வருசம் பூரா உலையாண்ட நின்னுகினு வேகறேன் மாமா. எங்க ஊட்டுக் கொழாத் தண்ணிகூட சுடுது. இன்னும் ஒரே ஒரு முழுக்கு!" என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை போனால் என் பெண்ணின் கதி என்ன? பெற்ற தகப்பன் நீங்கள்தான் அதட்டலாம். கடிதம் கண்டதும் ரயிலேறி வந்து மகனைக் கரையேற்றவும்.

சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
பேஜாரில் இருக்கும் தங்கள் சம்பந்தி,
அப்பாவு

பின்குறிப்பு: கையெழுத்து மாறியிருப்பதற்கு மன்னிக்கவும். நான் சொல்லச் சொல்லத் தங்கள் மருமகள் எழுதுகிறாள். கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள், உலைக்கு ஆள் இல்லை என்று கம்பெனி மேஸ்திரி தானியேல் நேரிலேயே வந்துவிட்டார். மடுக்கரையில் நின்று "டேய் பூவராகவா, ஏறுடா மேல!" என்று கத்தினார். வெயிலில் வந்த களைப்பு, கால் மட்டும் நனைக்கிறேன் என்று இறங்கினார். இப்போது மாப்பிள்ளைக்குத் தண்ணீரில் இருந்தபடியே லீவை நீட்டிவிட்டார், தனக்கும் சேர்த்து. அவரைக் கரையேற்றலாம் என்றுதான் நானும் இறங்கினேன். ஆகையால் தாங்கள் வரவேண்டாம். இங்கே இன்னொருவருக்கு இடம் இல்லை.