நீலப் பட்டை குறித்து மச்சானுக்கு ஒரு விளக்கம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் தன் கைப்பட எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் என் மகளும் சௌக்கியமாகத்தான் இருந்தோம், உங்கள் கடிதம் வந்து சேரும்வரை. அங்கே நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்பு சரியில்லாதவரால் மூன்று பக்கம் திட்ட முடியாது.

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். போன வருடமாக இருந்தால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். படிப்பவரும் என்மேல் இரக்கப்பட்டு நாலு வசவை விழுங்கியிருப்பார். எழுபத்திரண்டு வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம், உங்கள் திட்டில் ஒன்றுகூடச் சிந்தாமல் முழுவதையும் அனுபவித்ததுதான். ‘மோசடி’ என்ற சொல்லை நான் இதற்குமுன் வாசித்ததே இல்லை. கொம்பும் காலும் வைத்து அந்த முதல் எழுத்தை நீங்கள் எழுதியிருந்த அழகை இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறைதான் அது என்னைக் குறிக்கிறது என்று விளங்கியது. இந்தப் பதிலை நான்கு நாளாக எழுதுகிறேன். வேகம் கம்மி என்றாலும் கோபம் ஆறாமல் பார்த்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள் தங்கள் விளம்பரத்தில் போட்ட ஒரு படத்தை உங்கள் சின்ன மாப்பிள்ளை பார்த்து, குடும்பத்தில் கண் தெரிகிற அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்திருக்கிறார். படத்தில் நான் ராட்சத ரோலர் கோஸ்டரில் வாயைப் பிளந்துகொண்டு தலைகீழாக இருக்கிறேன். என் கையில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டும் நீலப் பட்டை. பக்கத்து இருக்கை காலி. கீழே ‘தடைகளைத் தாண்டிய புன்னகை’ என்று எழுதியிருக்கிறார்கள். நடக்கச் சிரமப்படும் மகளைக் கீழே விட்டுவிட்டு, அவள் பட்டையைத் தான் கட்டிக்கொண்டு கிழவன் சவாரி போகிறானே, நம் குடும்பத்தில் இதுவரை யாராவது பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டதுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மச்சான், படம் உண்மை. பட்டையும் உண்மை. புன்னகை மட்டும்தான் பொய்.

என் மகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருப்பதால் எழுதுகிறேன். அவளால் பத்தடி நடக்க முடியும், ஐந்து நிமிடம் நிற்க முடியாது. சக்கர நாற்காலியிலும் அரை மணிக்கு மேல் ஒரே மாதிரி உட்கார்ந்தால் இடுப்பில் ஆணி இறக்கியதுபோல் வலிக்கும், கொஞ்சம் படுத்தாக வேண்டும். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி இரண்டு இடுப்பிலும் கம்பியும் திருகும் வைத்துப் பொருத்தப் போகிறார்கள். அதற்குப் பிறகு வலி குறையும், ஆனால் இந்த மாதிரி சவாரிகளை ஜென்மத்துக்கும் மறந்துவிட வேண்டும். இப்போது போகலாமா என்று கேட்டதற்கு, போவதென்றால் இந்த மாதமே போய்விடு என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இதே பூங்காவுக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோது அவளை மட்டும் நிழலில் உட்காரவைத்து நாற்பது பேருடைய பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். பைகள் பத்திரமாக இருந்தன. அவளுக்கு இப்போது முப்பத்திமூன்று வயதாகிறது. பரிசோதனைக் கூடத்தில் மற்றவர்களின் ரத்தத்தைப் பார்க்கிற வேலையிலிருந்து ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அப்பா வாங்க, ஒரே ஒரு தடவை, என்று என்னை அழைத்துப் போனாள்.

அங்கே வரிசை என்றால் அப்படி ஒரு வரிசை. கம்பி கட்டி, பாம்பு மாதிரி வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். முப்பது வருடம் வெல்டிங் செய்தவன் நான், அந்த மாதிரிக் கம்பிகளை எத்தனையோ இடங்களில் நானே பற்றவைத்திருக்கிறேன். அளவெடுக்கும்போது ஆள் நுழைகிறானா என்று பார்ப்பேன். நாற்காலி திரும்புமா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று மூன்றாவது திருப்பத்தில் என் மகளின் நாற்காலி சிக்கிக்கொண்டது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின்னால் நின்ற அறுபது பேரும் ஒவ்வொருவராகப் பின்வாங்கித்தான் எங்களை வெளியே எடுத்தார்கள். அந்த அறுபது பேரும் என்ன சொன்னார்கள் என்பதை எழுத இன்னும் எனக்கு வகுப்பில் சொல்லித்தரவில்லை.

சிறப்பு வசதி கவுண்டருக்குப் போங்கள் என்றார்கள். போனோம். வரிசையில் காத்திருக்க முடியாதவர்களுக்கான அந்தக் கவுண்டருக்கு முன்னால் முக்கால் மணிநேர வரிசை இருந்தது. கடைசியில் கவுண்டர் அம்மாவிடம் மகள் தன் மருத்துவக் கோப்பை நீட்டினாள். அந்த அம்மா கோப்பைத் திறக்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார்.

“நீங்கதான் உட்கார்ந்திருக்கீங்களேம்மா. மத்தவங்க எல்லாம் நிக்கிறாங்க. பார்க்கப்போனா உங்களுக்குத்தானே வசதி?”

மச்சான், முப்பத்திமூன்று வருடமாக எங்கள் வீட்டில் யாருக்கும் இது தோன்றவில்லை. உட்கார்ந்தாலும் வலிக்கும் என்று மகள் விளக்கினாள். இது நிற்பதில் சிரமம் என்ற வகையில் வருகிறது, நிற்பதில் சிரமத்துக்கு நாற்காலி தீர்வு, நாற்காலி உங்களிடமே இருக்கிறது, ஆகவே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அந்த அம்மா அன்போடு சொன்னார். இதற்குள் எங்களை உரசிக்கொண்டு ஒரு குடும்பம் நேராக உள்ளே போனது. எல்லார் கையிலும் தங்க நிறப் பட்டை. கூடுதல் பணம் கொடுத்தால் அதைக் கட்டுவார்களாம், வரிசையே கிடையாதாம். அவர்களுக்கு என்ன நோய், எத்தனை வருடமாக, சான்றிதழ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பணம் இருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிகிற குறைபாடு போலிருக்கிறது.

நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். உள்ளேயிருந்து கண்ணாடி போட்ட அதிகாரி வந்தார். எதுவாக இருந்தாலும் எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்றார். இந்த வார்த்தையை என் ஆயுசில் நூறு அலுவலகங்களில் கேட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியவன் நான். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? கொடுங்கள் ஐயா படிவத்தை என்றேன். நாலு கொடுங்கள் என்றேன், பழகிப்பார்க்க. மகள் நான் எழுதுகிறேன் என்று கை நீட்டினாள், கொடுக்கவில்லை. அவள் பக்கத்துப் பெஞ்சில் இடுப்பைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் எழுதினேன்.

தவறு நடந்தது இங்கேதான். எங்கள் வகுப்பில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது, எழுதுகிறவன் பெயர் மேலே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எழுதுகிறவன் நான். ஆகவே முதல் கட்டத்தில் என் பெயர். அடுத்தது வயது, என் வயது. உடன் வருபவர் யார் என்ற இடத்தில் மகள் பெயர், அவள்தானே உடன் வந்திருக்கிறாள். பிறகு கேள்விகள். நீண்ட நேரம் வரிசையில் நின்றால் உங்களுக்கு என்ன ஆகும்? உண்மையை எழுதினேன்: கோபம் வரும், முன்னால் நிற்பவரிடம் சண்டை பிடிப்பேன், நடுவில் யாராவது நுழைந்தால் சட்டையைப் பிடிப்பேன். காத்திருக்கச் சொன்னால் உங்களால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறதா? முடியவில்லை, ஐம்பது வருடமாக முடியவில்லை. அருகில் கூட்டமும் சத்தமும் இருந்தால்? நானும் கத்துவேன். கடைசியில் என் கையெழுத்தைப் போட்டேன். நன்றாக வந்தது.

அதிகாரி படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் கனிந்தது. கவுண்டர் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார், அவரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். “பெரியவரே, பயப்படாதீங்க, நாங்க எல்லாரும் இருக்கோம்” என்று காது கேளாதவனிடம் பேசுவதுபோல் சொல்லி என் மணிக்கட்டில் நீலப் பட்டையைக் கட்டினார். மகள் எழுந்து வந்து படிவத்தைப் பார்த்துவிட்டு, இது தவறு, முடியாதவள் நான்தான், இவர் என் அப்பா, இவருக்கு ஒன்றுமில்லை என்றாள். அப்படித்தாம்மா எல்லாப் பிள்ளைகளும் சொல்லுவாங்க, முதலில் ஏத்துக்கிறது கஷ்டம் என்றார் அந்த அம்மா. திருத்த வேண்டுமென்றால் இதை ரத்து செய்து, வேறு படிவம் வாங்கி, மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டுமாம். அதுவரை நடந்தது என் பிழை. அதற்குப் பிறகு நடந்ததற்கு, பிழையைத் திருத்த நிற்க முடியவில்லை என்பதுதான் காரணம். மகள் என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரி விடுங்கப்பா. நீங்க நோயாளி, நான் துணை” என்றாள்.

பட்டையில் நேரம் போட்டிருந்தது, நாற்பது நிமிடம் கழித்து வந்தால் போதும். அந்த நாற்பது நிமிடமும் அவள் மர நிழலில் நீட்டிப் படுத்திருந்தாள். அவள் கேட்டது அவ்வளவுதான் மச்சான், படுத்துக்கொண்டு காத்திருக்க ஓர் இடம்.

நேரம் வந்தது. இரண்டு ஊழியர்கள் என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, மெதுவா, மெதுவா என்று என்னை ஏற்றினார்கள். என் மகள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது என்ற பலகையை நான் சத்தமாகப் படித்து, இரண்டும் நானில்லை என்று உறுதி சொன்னேன். என்னை உட்காரவைத்து மேல்கம்பியை இறக்கிப் பூட்டினார்கள். மகள் நாற்காலியை விட்டு எழுந்தாள். மூன்று படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒன்று ஏறினாள், இரண்டு ஏறினாள். முன் இருக்கையில் தங்கப் பட்டை கட்டியிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னாள், மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

“நல்லாத்தானே நடக்குது இந்தப் பொண்ணு. வரிசையை ஏமாத்த வீல்சேரையும் வாடகைக்கு எடுத்துட்டு வந்துடுறாங்க.”

மகள் இரண்டாவது படியில் நின்றாள். வரிசையில் இருந்த எல்லாரும் அவள் காலைப் பார்த்தார்கள். அவள் திரும்பி இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

“நீங்க போயிட்டு வாங்கப்பா. எனக்கு இடுப்பு வலிக்குது.”

அது பொய். வலித்தால் அவள் சொல்லவே மாட்டாள். நான் எழப் பார்த்தேன், கம்பி விடவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. நிறுத்து, இறக்கிவிடு என்று கத்தினேன். அந்த வண்டியில் இருந்த எல்லாரும் அதைத்தான் கத்தினார்கள், ஆகவே என் கத்தலுக்குத் தனி மதிப்பு இல்லாமல் போயிற்று. மேலே ஏறும்போது பற்றவைத்த மூட்டுகளைப் பார்த்தேன், சுத்தமான வேலை. உச்சியில் கீழே பார்த்தேன், தனியாக ஒரு நாற்காலி. அதற்குப் பிறகு உலகம் தலைகீழானது, படம் எடுத்தார்கள், அதைத்தான் நீங்கள் பார்த்துவிட்டு நான் ஆனந்தத்தில் சிரிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அன்றிரவே மகள் பூங்காவுக்கு முறைப்படி புகார் எழுதினாள், நடந்ததை நடந்தபடி, என் படிவத்தின் பிழை உட்பட. இனி எது நடந்தாலும் நேர்வழியில்தான் நடக்கும். அவர்கள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு அழைத்தால் அவள் போவாள். நான் அந்தப் பூங்கா இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன். எவ்வளவு பெரிய கவுண்டராக இருந்தாலும் என் கையால் பொய்யாக ஓர் எழுத்து விழாது. நம் குடும்பத்தின் பெயர் பத்திரமாக இருக்கிறது என்று உங்கள் சின்ன மாப்பிள்ளையிடமும் சொல்லுங்கள், முடிந்தால் படத்தை அனுப்பிய அதே வேகத்தில்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியவர்களுக்கு ஆசியையும், திட்டுவதற்கு இன்னும் மிச்சம் இருந்தால் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கை வீட்டுக்காரன்
(கையெழுத்து என்னுடையதுதான்)

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று முடித்து உறையில் போட்டேன், ஒட்டுவதற்குள் பூங்காவிலிருந்து பதில் வந்துவிட்டது. ‘உங்கள் புகார் வரிசையில் உள்ளது. உங்கள் எண் எண்ணூற்றுப் பன்னிரண்டு. பத்து வாரங்களில் கவனிக்கப்படும். தங்கப் பட்டை வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு முன்னுரிமை உண்டு.’ அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. மகள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, அந்த ஃபாரம் மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள். மூன்று இருந்தது. இந்த முறை தெரிந்தே என் பெயரை எழுதினேன். சண்டை பிடிப்பேன் என்ற இடத்தில் கடிப்பேன் என்றும் சேர்த்திருக்கிறேன். நடக்கிறாளே என்று இந்தத் தடவை யாராவது கேட்டால், ஆமாம் நடக்கிறேன், நோயாளி எங்கப்பாதான் என்று சொல்லிவிடப்போகிறாளாம். சனிக்கிழமை போகிறோம். விசாரிக்க ஒரு மூத்த உறவினரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டிருந்தார்கள், உங்களுடையதைக் கொடுத்திருக்கிறேன். அழைத்தால், வரிசை என்றால் என்னவென்றே இவருக்குத் தெரியாது, பிறவியிலேயே அப்படித்தான் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது, என் தங்கை வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள் என்று என்னிடம் சொன்னீர்களே, அதே முகத்தோடு சொல்லுங்கள், போதும்.