ரிவர்ஸ் அண்ணாவிடம் நான் கேட்காத கேள்வி

காலை ஐந்தரை மணிக்கு ஒருவர் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ‘எங்கே போறீங்க?’ என்று அவரிடம் கேட்பது தப்பா, கேட்காமல் விடுவது தப்பா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது ஒரு பதில் வருகிறது. பையனுக்குத் தலை வாரும்போது வேறு பதில் வருகிறது. இரண்டும் ஒத்துப்போவதே இல்லை.

இது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் முதலில் ரிவர்ஸ் அண்ணாவைத் தெரிய வேண்டும். இரும்புலியூரில் அவர் அளவுக்கு அதிக முறை வீட்டைவிட்டுக் கிளம்பியவர் யாருமில்லை. அவர் அளவுக்குக் குறைவாகப் போய்ச் சேர்ந்தவரும் யாருமில்லை.

அவர் எங்கள் வீட்டு ஓனர். அவருடைய தாத்தா நெல் விளைத்த இடத்தில் இப்போது நான்கு வாடகை வீடுகளும், ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்தபடி ஒரு சிமெண்ட் கடையும் நிற்கின்றன. கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் அவர் வீட்டு மாடியில்தான் குடியேறினோம். மறுநாள் காலை, பட்டு வேட்டியோடு அவர் வண்டியை ஸ்டார்ட் செய்வதைப் பார்த்தேன். ஓனரிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசு என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மாடியிலிருந்து பணிவாகக் கேட்டேன்.

“எங்கண்ணா போறீங்க?”

வண்டியை அணைத்தார். ஸ்டாண்ட் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். ஐந்து நிமிடம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முதலில் கேட்டது காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் பணிவாக, இன்னும் சத்தமாகக் கேட்டேன். மறுபடி உள்ளே போனார். மூன்றாவது முறையும் அப்படியே. நான்காவது முறை என் பக்கம் பார்க்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அண்ணா, கோவமா? எங்கண்ணா போறீங்க?”

தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார்.

அன்று படப்பையில் அவருடைய அக்கா மகனுக்குக் கல்யாணம். இவர்தான் தாய்மாமன். முதல் நாளே மண்டபத்துக்குப் போயிருந்த அண்ணி, சாயங்காலம் திரும்பியதும் நேராக மாடியேறி வந்தார்.

“இன்னாமா நீ? கிளம்பறவரப் பாத்து எங்க போறன்னு கேக்கலாமா? கேட்டா அவரு வூட்டுக்குள்ள வந்து குந்தி, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுக்காக் கிளம்புவாரு. நாலு தபா கேட்டியாமே! தாலி கட்டற நேரத்துல தாய்மாமன் எங்கடான்னு எல்லாரும் தேடிக்கினு கீறாங்கோ. மனுசன் நாலு சொம்புத் தண்ணியோட, முடிச்சூர் ரோட்ல வண்டிய நிறுத்தி நிறுத்தி ஒதுங்கிக்கினு கீறாரு. ரெண்டாம் பந்திக்கு வந்து சேர்ந்தாருமா!”

புறப்படும்போது அப்படிக் கேட்கக்கூடாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். கேட்டுவிட்டால் முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். விதியை விதிப்படி கடைப்பிடித்த ஒரே மனிதர் அண்ணா. அதற்குத் தெரு வைத்த பெயர்தான் ரிவர்ஸ்.

தெருவில் சும்மா விடுவார்களா? டீக்கடையில் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள். “தலைவரே, எங்க பயணம்?” என்று ஒரு குரல் வரும். அண்ணா பல்லைக் கடித்துக்கொண்டு யூ டர்ன் அடிப்பார். ஆட்டோவில் அவரால் ஏறவே முடியாது. ‘எங்க சார் போணும்?’ என்று கேட்பதுதான் அவர்கள் தொழிலே. பஸ்ஸில் கண்டக்டரும் அதையே கேட்பார். ஒருமுறை தாம்பரம் வரைக்கும் போக, எங்கள் பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று பஸ் ஏறி மூன்று பஸ் இறங்கினார் என்று ஒரு வரலாறு உண்டு. அதன்பிறகு போகும் இடத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் சீட்டை நீட்டிவிடுவார். புதிதாக வந்த ஒரு கண்டக்டர் அவரை வாய் பேச முடியாதவர் என்று நினைத்து, உட்கார்ந்திருந்தவரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தாராம். பாவம், அவர் நல்ல மனசைக் கெடுக்க வேண்டாமே என்று அண்ணா இறங்கும்வரை பேசவே இல்லை.

எங்கள் பையனுக்கு இரண்டு வயதாகும்போது கணவருக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. மாடியைக் காலி செய்து கிளம்பிய அன்று, அண்ணாதான் ஏர்போர்ட் வரை வந்து பெட்டிகளைத் தள்ளினார். அங்கே போன பிறகும் வாரம் ஒருமுறை போனில் பேசுவார். “ஒரு தபா வாங்கண்ணா, அண்ணியையும் கூட்டிட்டு வாங்க” என்று நான் சொல்லாத வாரம் இல்லை. மூன்று வருடம் கழித்து ஒரு மே மாதம், பதினைந்து நாளுக்கு இருவரும் நிஜமாகவே வந்துவிட்டார்கள்.

வந்த கதையை அண்ணி சொன்னார். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அண்ணா சீட்டை நீட்டியிருக்கிறார். அதிகாரி, வாயால் சொல்லுங்கள் என்றிருக்கிறார். அண்ணா வரிசையின் கடைசிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, கொண்டு வந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபடி வரிசையில் நின்றிருக்கிறார்.

“பிளேனே போயிருக்கும்மா. நான் வூட்ல இருந்தே அழுதுக்கினு வர்றேன், இவரு பேஜாரு தாங்கல.”

“இன்னாத்துக்கு அழுவற? அதான் வந்துட்டோமே” என்றார் அண்ணா.

அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் குடும்பம் மலைக்கு நடக்கப் போகும். எனக்கு அதில் பெரிய ஆசை கிடையாது. மழைக் கோட்டு, மாற்றுச் சாக்ஸ், பிளாஸ்டர், ஓமவாட்டர் என்று பை கட்டுவதற்குள்ளேயே நான் ஒரு மலை ஏறி இறங்கிவிடுவேன். விருந்தாளிகளை வீட்டிலேயே உட்கார வைக்கக் கூடாதே என்று அவர்களையும் கூட்டிக்கொண்டு போனோம்.

அந்த நாட்டு மக்கள் தங்கமானவர்கள். மலையில் எதிரே வரும் ஒவ்வொருவரும் சிரிப்பார்கள், வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள், அப்புறம் அன்போடு கேட்பார்கள், எதுவரை போகிறீர்கள் என்று. அண்ணாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் இந்தக் கேள்வி எந்த மொழியில் வந்தாலும் அவருக்குப் புரிந்துவிடும்.

கார் நிறுத்திய இடத்துக்கு இறங்குவார். காரில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். மறுபடி ஏறுவார். எங்கள் பையனுக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு வேறு இல்லை. “ரிவர்ஸ் மாமா, நானும்!” என்று கூடவே ஓடுவான். “வா நைனா, நாம ரெண்டு பேரும் இந்த மலையத் தேய்ச்சிடலாம்” என்பார் அண்ணா. மூன்றாவது முறையில் அண்ணி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். “நான் இங்கயே கீறேன். நீங்க உச்சிக்குப் போனா எனக்கும் சேத்து ஒரு கும்புடு போட்டுட்டு வாங்கோ.”

அடுத்த வாரம் என் கணவர் ஒரு அட்டையில் அந்த மலையின் பெயரைப் பெரிதாக எழுதி அண்ணாவின் கழுத்தில் தொங்கவிட்டார். கழுத்தில் அட்டையோடு நடக்கும் மனிதரைப் பார்த்தால் யார்தான் பேசாமல் போவார்கள்? வழிதவறிய பெரியவர் என்று நினைத்துக் கூட்டமே சேர்ந்துவிட்டது. அன்று அண்ணா ஆறு முறை இறங்கினார். நாங்கள் புளியோதரையைக் கார் பக்கத்திலேயே பிரித்துச் சாப்பிட்டோம். எல்லோரும் சிரித்தோம். அண்ணா மட்டும் மேலே மேகத்துக்குள் மறைந்திருந்த உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க இன்னா கீதும்மா?”

“ஒண்ணுமில்லண்ணா. கல்லைக் குமிச்சு வெச்சிருப்பாங்க. காத்து அடிக்கும்.”

“அவ்ளோதானா? சரி.”

அந்த ‘சரி’ எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பையனை உட்கார வைத்து, மாமா கிளம்பும்போது யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். கணவருக்கும் சொன்னேன். பக்கத்து வீட்டு ஐரிஷ் அம்மாவிடம்கூடப் போய், எங்கள் பழக்கம் இப்படி, தயவுசெய்து கேட்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். விருந்தாளிக்கு நான் செய்த உபசாரம் அது.

அவர்கள் ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, காலை ஐந்தரைக்கு நான் சமையலறையில் இருந்தேன். வெளியே வெளிச்சம் வந்துவிட்டது, தூறலும் மூடுபனியும் இருந்தன. வாசலில் அண்ணா குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். தோளில் என் மழைக் கோட்டு. நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

கேள்வி என் தொண்டை வரை வந்தது. இரண்டே வார்த்தைகள். விழுங்கினேன். பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நீ நல்ல பொண்ணும்மா” என்றார். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

எட்டு மணிக்கு அண்ணி எழுந்து, “இவரு எங்கம்மா?” என்றார். நடக்கப் போயிருப்பார் என்றேன். ஒன்பதரைக்குப் பயம் வந்தது. போன் செய்ததும் பத்து மணிக்கு மலை மீட்புக் குழு வந்தது. சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண், கையில் வரைபடத்தோடு என்னிடம் கேட்டார், “எங்கே போவதாகச் சொன்னார்?”

யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க எல்லோருக்கும் பாடம் நடத்தியது நான்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே, நடந்து போகும் தூரத்தில் மூன்று மலைப்பாதைகள் உண்டு. இரண்டைத் தேடி முடித்துவிட்டு, மூன்றாவது பாதையில் பிற்பகல் மூன்று மணிக்கு அவரைக் கண்டுபிடித்தார்கள். ஈரப் புல்லில், இடுப்பு எலும்பு உடைந்து, ஏழு மணி நேரம் கிடந்திருக்கிறார். உடம்பு விறைத்துப்போயிருந்தது. முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நல்லவேளையாக அவருக்குத் தெரியாது, யாரிடம் சொல்கிறோம் என்று.

அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

“நீ பாத்துக்கினுதானேம்மா இருந்த?”

ஆமாம் என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. இன்று வரை திட்டவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து அண்ணா கண் திறந்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “நான் கேட்டிருக்கணும்ணா. மன்னிச்சிடுங்க.”

“சொம்மா இரு. நீ கேட்டிருந்தா நான் குந்திக்கினு தண்ணி குடிச்சினு இருப்பேன். அதுக்குள்ள எல்லாரும் முழிச்சிருப்பீங்க. அப்பால எங்க போறது?” மூச்சு வாங்கினார். “மேல போயிட்டேன் தெரியுமா? இறங்கறப்பதான் வழுக்கிச்சு. ஒரு ஆளு கூட கேக்கல. கிளம்பினேன், போனேன். என் ஆயுசுக்கும் இந்த ஒரு தபாதான்.”

“மேல என்னண்ணா இருந்துச்சு?”

“நீ சொன்னதுதான். கல்லு. காத்து.” சிரித்தார். “செம காத்தும்மா.”

கணவரின் வேலை முடிந்து நாங்கள் ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. அதே மாடி. கீழே அண்ணாவும் அண்ணியும். அண்ணாவின் ஒரு கால் குட்டையாகிவிட்டது. வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். கடையை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். எதிரே வருகிறவர்கள் இப்போது அவரிடம் எதுவும் கேட்பதில்லை. டீக்கடையில்கூட அமைதியாகிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

போன மாதத்திலிருந்து காலை ஐந்தரைக்குக் கீழே வாக்கர் தட்டும் சத்தம். பீர்க்கன்கரணை ஏரி வரைக்கும் தனியாகப் போகத் தொடங்கியிருக்கிறார். போன் எடுத்துப் போவதில்லை. சர்வீஸ் ரோட்டில் லாரிகள் வருகின்றன. அண்ணி மாடிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் கேட்டா செல்லாதுமா, பொண்டாட்டி கேட்டா கணக்குல சேராதாம் அவருக்கு. நீ மேலருந்து ஒரு வார்த்த கேளு. உள்ள வந்துடுவாரு. இந்த ஒண்ணுதான் உங்கிட்ட கேக்கறேன்.”

இரண்டு வருடத்தில் அண்ணி என்னிடம் கேட்ட முதல் உதவி. எப்படி மறுப்பது? திங்கட்கிழமை கேட்டேன். அண்ணா வாக்கரைத் திருப்பினார். மூன்று படி ஏறப் பத்து நிமிடம் ஆயிற்று. தண்ணீர் குடித்தார். மறுபடி வெளியே வரவில்லை. குனிந்து கழற்ற முடியாமல், ஷூவோடு மத்தியானம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். முழங்காலில் மண். விழுந்தீர்களா என்று கேட்டதற்கு, “ஏரில தண்ணி நல்லா கீதும்மா” என்றார்.

இப்போது தினமும் காலையில், கீழே ஜன்னலில் அண்ணி நின்று, கேள் என்று கண்ணால் சொல்கிறார். வாசல் கேட் பக்கத்தில் அண்ணா நின்று, மேலே என்னைப் பார்த்து, உதட்டில் விரலை வைக்கிறார். நான் துணி காயப்போடுவதுபோலக் காய்ந்த துணியையே எடுத்து மறுபடி காயப்போடுகிறேன். அவர் திரும்பி வரும்வரை எனக்குப் பால் காய்ச்சக்கூடக் கை ஓடுவதில்லை.

பின்னாலேயே போகலாமே என்று கணவர் சொல்கிறார். போனேன், ஒருநாள். அண்ணா திரும்பிப் பார்த்துவிட்டு, அவரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

வாசகர்களே, உங்கள் வீடுகளிலும் இப்படிக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கேட்பீர்களா, விடுவீர்களா? தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை நான் ஒன்றும் கேட்காமல், அந்த வெள்ளைத் தலை தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.