மிதந்துபோன கன்னி மூலை

கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீரைக் குடிக்கத் தெரியும். அதன் ருசியைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் மணிக்கணக்கில் பெருமையடிக்கத் தெரியும். அதில் மிதக்க மட்டும் தெரியாது. இந்த உண்மை, ஒரு முழுப் படகையும் அலங்கரித்து முடித்த பிறகுதான் எனக்குப் புலப்பட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவையின் கணபதி பகுதியில் அப்பாவின் மோட்டார் பம்ப் பட்டறைக்கு மேல்மாடியில் 'இன்டீரியர் டெக்கரேட்டர்' என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (மேலே ஏறி வந்தவர்களில் பெரும்பாலோர், கீழே தங்கள் பம்ப் ரிப்பேர் ஆகும்வரை ஃபேன் காற்று வாங்க வந்தவர்கள்.) அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்.

"கண்ணு, அடுத்து ஒரு வேலை வரட்டும். அதுல பேர் வாங்கிப்போட்டீன்னா நான் வாயே தொறக்கமாட்டேன். இல்லீன்னா பேங்க் பரீட்சைக்குப் படிக்கோணும், செரியா?"

பேங்க் பரீட்சை என்றாலே எனக்கு ரயில் கணக்குதான். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களைப் பற்றிய கணக்கில் அவற்றை மோதவிடாமல் நான் ஒருமுறைகூடக் காப்பாற்றியதில்லை.

அந்த நேரத்தில்தான் சுப்பண்ணன் படியேறி வந்தார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர், அப்பாவின் நெடுநாள் வாடிக்கையாளர். உட்காரக்கூட இல்லை.

"அம்மணி, கொச்சில ஒரு யாட் வாங்கிப்போட்டனுங்க! வெள்ளைக்காரன் ஊருக்குப் போறப்போ வித்தான். உள்ள ஒண்ணுமே இல்லீங்க, வெறும் கூடு. சொகுசாவும் இருக்கோணும், பொழங்கறதுக்கும் தோதா இருக்கோணும். உங்களால ஆகுமுங்களா?"

நான் அதுவரை ஊட்டி ஏரியில் பெடல் படகில்தான் போயிருந்தேன். அதுவும் பாதி வழியில் அழுதுகொண்டு. ஆனால் இது யாட், சொகுசுப் படகு! கணபதியில் எந்த டெக்கரேட்டருக்கு யாட் கிடைக்கும்? சந்தோஷத்தில் காது அடைத்துப்போய்விட்டது.

"அதென்னங்கண்ணா, தண்ணி மேல இருக்கற ஊடு. அவ்வளவுதானுங்களே" என்றேன்.

சுப்பண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்குப் பிடித்த பதில் அது. ஏனென்றால் வீடு என்றால் வாஸ்து உண்டு, வாஸ்து என்றால் அவருக்கு உயிர். ஈரோட்டில் தன் வீட்டு வாசற்படியை இடித்துக் கட்டி, வாஸ்துக்காரர் மாறியதும் மறுபடியும் இடித்துக் கட்டியவர். கனமான சாமானெல்லாம் தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு வேதவாக்கு.

கொச்சிக்குப் போனேன். படகு கரையோரம் கயிற்றில் கட்டியிருந்தது. திசைகாட்டியை நடுக்கூடத்தில் வைத்து, கன்னி மூலை எது என்று பார்த்து, சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டுவிட்டு வந்தேன். அந்த வட்டத்தை வரைந்தபோது எனக்கிருந்த கம்பீரத்தை இப்போது நினைத்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சொகுசுக்கு மெரூன் வெல்வெட்டில் சோபா. பளிங்குப் பலகை போட்ட டீப்பாய். ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. சுப்பண்ணன் மனைவி சரசக்கா தன் பங்குக்கு ஒன்று கேட்டார். "கிரைண்டர் இல்லாத ஊடு ஒரு ஊடுங்களா அம்மணி? தண்ணி மேல போனா பசிக்காதா?" கிரைண்டரும் சேர்ந்தது. முழுக் கல்.

பிறகு பொழங்குவதற்குத் தோது. இங்கேதான் என் மேதைமை பொங்கியது. சின்ன இடம், கூட்டித் துடைக்கச் சுலபமாக இருக்க வேண்டும் என்று யோசித்து, எல்லாவற்றுக்கும் அடியில் சக்கரம் வைத்தேன். சோபாவுக்கு, டீப்பாய்க்கு, பீரோவுக்கு, கிரைண்டர் மேடைக்கு. ஒரு விரலால் தள்ளினால் ஓடும். (ஓடுவதற்கு விரலே தேவையில்லாத இடம் ஒன்று உண்டு என்பதை என் மேதைமை யோசிக்கவில்லை.)

சாமான் ஏற்றி வைத்ததும் படகு அந்த மூலைப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. கனம் சரியாக இறங்கியிருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

புதுமனை புகுவிழாவுக்கு ஈரோட்டிலிருந்து வேனில் உறவெல்லாம் வந்து இறங்கியது. அப்பாவும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் நீதிபதிக் களை. படகோட்டி எங்களைக் உப்பங்கழியின் நடுவே கொண்டுபோய் நங்கூரம் போட்டார். தண்ணீர் மின்னியது, வெல்வெட் மின்னியது, நானும் மின்னினேன். உறவுக்காரப் பெண்கள் சோபாவைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அப்பாவே டீப்பாயைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பேங்க் பரீட்சை ஒழிந்தது என்று மனசுக்குள் குதித்தேன்.

சரசக்கா அடுப்பில் பால் வைத்தார். சுப்பண்ணன் நல்ல நேரத்தில் எதற்கும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்கம்மணி, கன்னி மூலை எங்கீங்க போச்சு?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பீரோவும் கிரைண்டரும் வடகிழக்கில் இருந்தன. சாமி இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டுக்கல்!

படகோட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "போட்டு திரிஞ்ஞு சாரே." படகு திரும்பிவிட்டதாம். கரையில் கட்டியிருந்தவரை ஒரே பக்கம் பார்த்தது, நங்கூரத்தில் நின்றால் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தக்கபடி சுற்றுமாம்.

"பால் பொங்கறதுக்குள்ள எல்லாத்தையும் தள்ளுங்க!" என்று சுப்பண்ணன் கத்தினார். தள்ளினார்கள். நான்தான் சக்கரம் வைத்திருந்தேனே! மாமன், மச்சான், சித்தப்பா எல்லோரும் பீரோவையும் கிரைண்டரையும் கூடத்தின் குறுக்கே உருட்டி எதிர்மூலையில் சேர்த்தார்கள். எனக்கோ பெருமை. பார்த்தீர்களா, எவ்வளவு தோது!

அதற்குள் படகு இன்னும் கொஞ்சம் திரும்பியது.

"இப்ப இங்கீங்க!" என்றார் சுப்பண்ணன், திசைகாட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். மொத்தக் கூட்டமும் கிரைண்டரோடு அந்தப் பக்கம் ஓடியது. படகால் தாங்க முடியவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்தது.

முதலில் டீப்பாய் கிளம்பியது. அடுத்து சோபா, மேலே மூன்று பெண்களோடு. வழியில் நின்ற சுப்பண்ணனையும் உட்காரவைத்துக்கொண்டு சுவரில் போய் முட்டி, படகு மறுபக்கம் சாய்ந்ததும் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. கிரைண்டரில் காலையில் ஆட்டி வைத்திருந்த மாவு பொங்கி எழுந்து மெரூன் வெல்வெட் முழுக்கப் பரவியது. மிச்சம் அப்பா மேல். பாலும் பொங்கியது. எந்தத் திசையில் பொங்கியது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பும்போது வேன் முழுக்கப் புளித்த மாவு வாடை. மறுநாளே கடையில் பேங்க் பரீட்சைப் புத்தகம் வாங்கினேன்.

புத்தகத்தில் முதல் ரயிலே புறப்படவில்லை, அதற்குள் சுப்பண்ணன் மறுபடி படியேறி வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன்.

"படகை வித்துப்போட்டனுங்க அம்மணி. ஆனா அந்தச் சக்கரம் இருக்குது பாருங்க! எங்க வாஸ்துக்காரர் வாரத்துக்கொரு மூலை சொல்றாரு. ஒவ்வொருதரமும் பீரோவத் தூக்க ஆள் தேட வேண்டியதா இருக்குது. ஊட்டுச் சாமான் பூராத்துக்கும் சக்கரம் வெச்சுக் குடுங்க. எங்க சம்பந்தி ஊட்டுலயும் கேக்கறாங்க."

அந்த வருஷம் ஈரோடு, கோபி, பெருந்துறை என்று கொங்குநாட்டில் பாதிப் பீரோக்கள் என் தயவில் நகர ஆரம்பித்தன. சக்கரங்களை அப்பாவே பட்டறையில் கடைந்து, பிரேக்கும் வைத்துக் கொடுத்தார். பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேங்க் என்ற வார்த்தையையும் சொன்னதில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் இன்றுவரை எந்த உறவுக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவானாலும், பால் பொங்கும் நேரம் பார்த்து அப்பா என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தமாகச் சொல்வார்: "எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்குங்க, ஊடு திரும்பப் போகுது!" போன மாதம் புதிதாக வந்த சம்பந்தி ஒருவர் நிஜமாகவே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.