கவ்வாத்து மண்டையனும் என் இலவசக் கட்டுரையும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. கடைக்குப் போயி அரைக் கிலோ தக்காளி வாங்கிட்டு வரணும்.

எங்க வீடு பள்ளிவாசல்ங்கிற ஊருப் பக்கம், எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீடான லயத்துல. நான் ஆராய்ச்சி மாணவி. தலைப்பு: தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் வசவுச் சொற்கள். சிரிக்காதீங்க, நாலு வருச உழைப்பு!

"உன் கட்டுரையைச் சந்தா கட்டுறவங்க மட்டும் படிக்கிற பெரிய இதழுக்கு அனுப்பும்மா, அதுக்குத்தான் மதிப்பு"ன்னாரு என் கைடு.

நான் கேப்பேனா? "அறிவுக்குப் பூட்டுப் போடலாமா சார்?"னு ஒரு சொற்பொழிவு ஆத்திட்டு, யாரு வேணா இலவசமா படிக்கிற இதழுக்கு அனுப்பினேன். வெளிவந்ததும் சும்மா இருந்தேனா? லயத்து வாட்ஸ்அப் குரூப்புல லிங்க்கைப் போட்டு, "எல்லாரும் படிங்க!"ன்னு கெஞ்சல் வேற.

படிச்சுட்டாங்க.

கடைக்குள்ள நுழையுறேன், கடைக்கார அண்ணாச்சி செல்போனைப் பாத்து சத்தமா வாசிச்சிட்டு இருக்காரு. சுத்தி பத்துப் பேரு.

"'கவ்வாத்து மண்டையன்' என்னும் வசவை உருவாக்கியவர் தகவலாளர் நான்கு. வயது ஐம்பத்தெட்டு. இரண்டு மூக்குத்தி அணிந்தவர்."

பேரை மறைச்சுட்டேன்னு பெருமையா இருந்தேன். எங்க லயத்துல ரெண்டு மூக்குத்தி போட்டது முப்பிடாதி சித்தி மட்டுந்தான்!

சித்தி என்னைக் கிழிப்பாங்கன்னு பயந்தேன். அவங்க முந்தானையைச் சரி பண்ணிட்டு பூரிச்சுப் போயி நின்னாங்க. கத்தினது பேச்சியம்மா அத்தை.

"ஏட்டி! செடிய மொட்டையா வெட்டிக் கவ்வாத்து பண்ணுன கணக்கா எங்க வீட்டு ஆளு முடி வெட்டிட்டு வந்தாரு. அவரத் திட்ட நான் கண்டுபுடிச்ச வார்த்தைட்டி அது! அவ கணக்குல எப்படிப் போட்ட?"

"அத்தை, ரெக்கார்ட் பண்ணும்போது சித்திதான்..."

"அவ எங்கிட்ட இருந்து பொறுக்குனது!"

அத்தை வீட்டு மாமாவும் அங்கதான் நின்னாரு. தொப்பியைக் கழட்டிக் காட்டி, "ஆமாம்மா, மொதல்ல வாங்குனது நாந்தான்"னு சாட்சி சொன்னாரு.

இன்னும் ஆறு மாசம் இவங்க பேச்சை ரெக்கார்ட் பண்ணணும். அத்தை வாயை மூடிட்டா என் பட்டம் அம்போ! அங்கயே நின்னு, 'வசவை உருவாக்கியவர் தகவலாளர் நான்கு அல்ல, தகவலாளர் இரண்டு'ன்னு இதழுக்குத் திருத்தம் டைப் பண்ணினேன். அந்த ரெண்டு அத்தைதான்.

அத்தை என் தோளுக்கு மேல எட்டிப் பாத்தாங்க.

"ம், அனுப்பு."

அனுப்பினேன். தக்காளி வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

இன்னைக்குக் காலையில திருத்தம் வெளிவந்துருச்சு. அதையும் எல்லாரும் இலவசமா படிக்கலாம்.

முப்பிடாதி சித்தி பத்து நிமிசமா கதவத் தட்டிட்டு இருக்காங்க.

நான் வீட்ல இல்ல.