சரிவராது அக்காவின் பன்னிரண்டு கட்டில்கள்

மலாக்காவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள், ஜப்பான்காரர்கள், கோலாலம்பூர்க்காரர்கள் என்று யாரிடமும் பாரபட்சம் காட்டாமல் எல்லாரையும் வாசலோடு திருப்பி அனுப்பிய பெருமை சரிவராது அக்கா ஒருவருக்குத்தான் உண்டு. இத்தனைக்கும் அவர் குடிநுழைவு அதிகாரி இல்லை. பயணிகள் தங்கும் விடுதி நடத்திக்கொண்டிருந்தார்.

ஆற்றை ஒட்டிய பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த விடுதி. மாடியில் ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை, அறைக்கு ஆறு கட்டில். கீழே சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அக்கா இருந்தார். நான் முகப்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். சுங்கை ரம்பாயிலிருந்து டிப்ளோமாவைத் தூக்கிக்கொண்டு வந்த எனக்கு வேலை கிடைத்த ஒரே இடம் அது. வேலை கிடைத்ததே தவிர, வேலை என்று ஒன்றும் இருக்கவில்லை.

யாராவது பையோடு படியேறினால், நான் கணினியைத் தட்டி எழுப்புவதற்குள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்துவிடுவார். முதலில் பையைப் பார்ப்பார். அடுத்து செருப்பை. கடைசியாகத்தான் முகத்தை. பிறகு இரண்டு கேள்வி கேட்பார். காலையில் எழுந்ததும் பேசுவீர்களா, மாட்டீர்களா? பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டால் எழுப்புவீர்களா, பொறுத்துக்கொள்வீர்களா?

இதற்குச் சரியான பதில் எது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. பேசுவேன் என்றால், "பக்கத்துக் கட்டில்காரன் பாவம் லா" என்பார். பேசமாட்டேன் என்றால், "காலங்காத்தால மொகத்தத் தூக்கி வச்சிக்கிற ஆள நான் எங்க வைக்கிறது?" என்பார். எந்த வழியாகப் போனாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். "உங்களுக்கு இந்த எடம் சரிவராது."

ஒருமுறை ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் முதுகில் இருந்த பையில் அவனையே மடித்து வைக்கலாம். அக்கா அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"யூ குட் பாய். பட் யூ, திஸ் ஹவுஸ், நோ சூட் லா. யூ கோ லிம்."

பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அதற்குள் அக்கா அவனுடைய தண்ணீர் போத்தலை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தார். அவன் பின்னாலேயே போனான். விருந்தாளியைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய் எதிராளியின் கடையில் விட்டுவிட்டு வருகிற வியாபாரத்தை நான் டிப்ளோமாவில் படிக்கவில்லை.

லிம் எங்களுக்கு எதிர்வரிசையில் விடுதி வைத்திருந்தவர். ஜாசின் பக்கத்துத் தோட்டக்காட்டில் பிறந்து வளர்ந்ததால் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் இடத்தில் பாட்டு, பீர், கூத்து எல்லாம் உண்டு. சந்து முனையில் இன்னொரு விடுதி, காக் ரோஸ் என்ற மலாய்க்கார அம்மாவுடையது. அங்கே செருப்பைக்கூடச் சத்தமில்லாமல்தான் கழற்ற வேண்டும். கலகலப்பான ஆள் லிம்முக்கு, அமைதியான ஆள் காக் ரோஸுக்கு என்று அக்கா பிரித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். சீனப் பெருநாளுக்கு லிம் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புவார். ஹரி ராயா பெருநாளுக்கு காக் ரோஸ் வீட்டிலிருந்து ஓலையில் பொதிந்த கெத்துப்பாட் சோறு வரும். வராமல் என்ன செய்யும்?

வருகிறவர்களை ஏன் இப்படித் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"தம்பி, எங்க செலண்டார் தோட்டத்துல ஆயாக்கொட்டாய் இருந்துச்சு. ரப்பர் பால் வெட்டப் போற பொம்பளைங்க புள்ளைங்கள அங்கதான் விட்டுட்டுப் போவாங்க. நான் ஆயாவுக்கு ஒத்தாசையா இருந்தேன். வரிசையா ஏணை தொங்கும். எந்தப் புள்ளைய எந்த ஏணைல போடணும்னு இருக்கு. மாத்திப் போட்டா தூங்காது. வளந்துட்டா மட்டும் மாறிடுமா?"

"இவங்கெல்லாம் பாஸ்போர்ட் வச்சிருக்கற புள்ளைங்கக்கா."

"பாஸ்போர்ட்டா தூங்குது? ஆளுதான தூங்குது."

அக்காவின் கணக்கு எப்போதும் சரியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஜொகூரிலிருந்து மூக்குக்கண்ணாடியும் கையில் ஒரு புத்தகமுமாக ஒருவர் வந்தார். காற்றுக்கு வலிக்குமோ என்று பேசினார். "தங்கமான ஆளு, அமைதின்னா அப்படி ஒரு அமைதி" என்று அக்காவே அவரைக் காக் ரோஸிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அவர் கோயில் திருவிழாக்களில் உறுமி அடிப்பவர் என்பது விடியற்காலையில் அவர் பயிற்சியைத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. கல்யாண ஊர்வலம் வருகிறது என்று காக் ரோஸின் அம்மா வாசலில் வந்து நின்றாராம். காக் ரோஸ் சிவந்த கண்ணோடு எங்கள் விடுதிக்கு வந்தார். அக்கா அசரவில்லை.

"ஆளு அமைதிதான். மேளந்தான் சத்தம்."

இப்படியே எங்கள் நாட்கள் ஓடியிருக்கும். குறுக்கே வந்தார் மணியம் அண்ணன். அக்காவின் தம்பி, கட்டடத்தின் சொந்தக்காரர், செலண்டாரில் டயர் கடை வைத்திருப்பவர். எப்போது வந்தாலும் தூக்கம் கெட்ட கண்ணோடுதான் வருவார். மாடிக்குப் போய், விரிப்பில் ஒரு சுருக்கம்கூட விழாத பன்னிரண்டு கட்டிலையும் பார்த்துவிட்டு, பிள்ளையின் ரிப்போர்ட் கார்டைப் பார்த்த தகப்பன் மாதிரி இறங்கி வருவார்.

"அக்கா, இது ஹோஸ்டலா, கட்டில் கடையா?"

"ஆளு அமையல லா."

"மாப்பிள்ளையா பாக்கற, அமையறதுக்கு?" என்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க பாரு. இந்தப் பள்ளி லீவுல ஒரே ஒரு நாளாச்சும் பன்னெண்டு கட்டில்லயும் ஆளு இருக்கறத நான் கண்ணால பாக்கணும். இல்லன்னா இந்த எடம் பபள் டீ கடைக்கு. ஆளு வந்து கேட்டுட்டாங்க. நீ எங்க வீட்டுக்கு வந்துரு."

அன்று அக்கா அடுப்பில் இருந்த மிளகாய்ச் சம்பாலைக் கருகவிட்டார். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்.

"நல்ல வீடுதான் தம்பி. புது வீடுங்களா கட்டுன தாமான்ல கடைசி வீடு. பெரிய கேட்டு. ஒரு சத்தம் இருக்காது, ஒரு ஆளு வந்து போறது கெடையாது. எனக்கு அங்க சரிவராது."

அந்தச் சொல்லை அவர் தன்னைப் பற்றிச் சொல்லி அன்றுதான் கேட்டேன். இந்த மனுஷி கட்டிலை நிரப்பப் போவதில்லை, நாமே நிரப்பிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஒரு சனிக்கிழமையைக் குறித்தேன். காலையில் அக்கா கைப்படச் செய்த தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், கிடைக்கும் என்று அக்காவைக் கேட்காமலேயே இணையத்தில் விளம்பரம் போட்டேன். பன்னிரண்டு கட்டிலும் பதிவாயின. மணியம் அண்ணனை இரவுச் சாப்பாட்டுக்கு வரச்சொன்னேன். அக்காவை ஜாசினில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் பன்னிரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். கட்டிலைக் காட்டிவிட்டு, தயவுசெய்து யாரும் எழுந்திருக்காதீர்கள் என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் சாப்பாட்டைப் பொட்டலமாகத் தாப்பாவ் வாங்கப் போனேன்.

பொட்டலங்களோடு திரும்பி வந்தால் வீடு நிசப்தமாக இருந்தது. கல்யாணப் பட்டுச்சேலையோடு அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, கல்யாணத்துக்குப் போகலயா?"

"போனேன். மண்டபத்துல ஏர்கோன் ஒத்துக்கல. வந்துட்டேன்."

"மேல இருந்தவங்க?"

"அனுப்பிட்டேன்."

"பன்னெண்டு பேரையுமா?"

"ஒருத்தன் தூக்கத்துல நடப்பானாம். நம்ம மாடிப்படி எப்படின்னு ஒனக்கே தெரியும். ரெண்டு பொண்ணுங்க காத்தாடி போட்டா தும்முதுங்க. ரெண்டு பேரு வாயே தொறக்கல. மத்ததுங்க ராத்திரி பூரா பேசற கூட்டம். ஏழு பேரு லிம்முக்கு, அஞ்சு பேரு காக் ரோஸுக்கு."

என் வாழ்க்கையில் அவரிடம் நான் கோபப்பட்டது அன்று ஒருநாள்தான். "அக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க தம்பி வந்துருவாரு. உங்களுக்கு இருக்க எடம் போகப் போவுது. அது புரியுதா இல்லியா?"

"புரியுது தம்பி," என்றார். "ஆனா ஒரு ராத்திரி தூக்கம் கெட்டுச்சின்னா அவங்க இந்த ஊரையே வெறுத்துருவாங்க. எனக்கு எடம் வேணும்னு அதச் செய்ய மனசு வரல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பொட்டலங்களை மேசையில் வைத்துவிட்டு என் துணிமணிகளை எடுத்து வைக்கலாமா என்று யோசித்தேன்.

அப்போதுதான் லிம் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி, சமையல்காரம்மா, ஒரு வேலையாள்.

"அலாமாக், அக்கா. லீவு நேரத்துல ஏழு பேர அனுப்புனா நான் எங்க வைப்பேன்? எங்க கட்டில எல்லாம் குடுத்துட்டேன். இன்னிக்கி நாங்க எங்க படுக்கறது?"

அவர் பேசி முடிப்பதற்குள் காக் ரோஸ் வந்தார். கூடவே கணவர், கொழுந்தனார், அம்மா, இரண்டு மகள்கள். அங்கேயும் அதே கதை. அக்கா அனுப்பிய ஐந்து பேரும் இவர்கள் படுக்கையில் சுகமாகப் படுத்திருந்தார்கள்.

நான் விரல்விட்டு எண்ணினேன். என்னையும் சேர்த்தால் பதினொன்று. சந்துமுனையில் மணியம் அண்ணனின் வண்டி விளக்கு திரும்பியது. அக்காவோ வாசலை மறித்து நின்றுகொண்டு லிம்மின் செருப்பைப் பார்த்தார்.

"லிம், நீ கொறட்ட விடுவியா?"

"என் பொண்டாட்டியக் கேளு லா."

மனைவி தலையாட்டினார்.

"காலையில எந்திரிச்சதும் பேசுவியா?"

"கத்துவேன்."

அக்கா வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். "அக்கா, நீங்க அனுப்புன ஆளுங்க தூங்கணும்னுதான் இவங்க கட்டிலக் குடுத்துட்டு நிக்கிறாங்க," என்றேன். அக்கா வாயை மூடினார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"காலக் கழுவிட்டு ஏறுங்க," என்றார்.

மணியம் அண்ணன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மாடியேறினார். பெண்கள் அறையில் ஆறு கட்டிலும் நிறைந்திருந்தது. ஆண்கள் அறைக்கு வந்தார். நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன்.

"இது எதிர்க்க ஹோஸ்டல் வச்சிருக்கற லிம்மு தான?"

லிம் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "லீவுல வந்திருக்கேன் லா." மறுபடியும் குறட்டை தொடர்ந்தது.

"ஒண்ணு காலியா இருக்கு," என்று கடைசிக் கட்டிலில் உட்கார்ந்தார் அண்ணன். பபள் டீக்காரனை அழைக்கக் கைப்பேசியை எடுத்தார். லிம் குறட்டை விட்டார். காற்றாடி கிறீச்சிட்டது. பக்கத்து அறையில் பெண்பிள்ளைகள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போர்வையை விலக்கிப் பார்த்தபோது அண்ணன் சாய்ந்திருந்தார். கைப்பேசி நெஞ்சின்மேல் கிடந்தது. வாய் திறந்திருந்தது.

அக்கா மேலே வந்தார். எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டேன்.

"வேணாம். ஆயாக்கொட்டாய்லயும் இவன் இப்படித்தான். சுத்தி இருக்கற புள்ளைங்க எல்லாம் கத்துனாத்தான் இவனுக்குத் தூக்கம் வரும். அந்த வீட்டக் கட்டுறப்பவே நெனச்சேன், இவனுக்குச் சரிவராதேன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"ஆசையா வீடு கட்டுறவன்கிட்ட அதப் போயி சொல்லுவாங்களா?" என்று தம்பியின் கால்மேல் ஒரு சாரோங்கைப் போர்த்திவிட்டார்.

காலையில் வெயில் ஏறியபிறகுதான் அண்ணன் எழுந்தார். கண் தெளிந்திருந்தது. கோப்பியைக் குடித்தார், பபள் டீயைப் பற்றிப் பேசவில்லை. வண்டியில் ஏறும்போது மட்டும், "அந்தக் கட்டில வேற யாருக்கும் குடுத்துராத," என்றார். பபள் டீ கடை இரண்டு தெரு தள்ளித் திறந்தது.

நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். விடுதி அங்கேயேதான் இருக்கிறது, அக்காவும் வாசலிலேயே நிற்கிறார். நீங்கள் மலாக்காவுக்குப் போய், அவர் உங்கள் செருப்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாத நீங்கள் நன்றாகத் தூங்க வேண்டுமே என்று கவலைப்படுகிற இன்னொருவரை நான் இதுவரை எந்த ஊரிலும் பார்க்கவில்லை.