சீருக்கு ஒரு புல்தரை

"நடுவுல மஞ்சள், ஓரத்துல மண்ணு. நாலு மூலையும் மொட்டை. இத எப்படிங்க காட்டுறது?" என்றாள் ஹில்டா.

அவள் கணவர் சத்தியராஜ் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். கொரியன் புல் பதித்த மறுநாள் எடுத்த போட்டோவை அவர் ஏற்கெனவே மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். அதில் புல் கண்ணைப் பறித்தது. இப்போது சொறி பிடித்த நாயின் முதுகு போல இருந்தது. பெண் பார்க்க வருவதற்குப் பத்து நாள்தான் பாக்கி.

நெமிலிச்சேரி லேஅவுட்டில் சத்தியராஜின் வீடு நாற்பத்தாறாம் மனையில் இருந்தது. புல் இருந்தது நாற்பத்தேழில். அது அவருடையதல்ல. இலவச வேனில் ஏற்றிவந்து, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து மனை விற்ற காலத்தில் யாரோ வாங்கிப் போட்டது. பன்னிரண்டு வருடமாக ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

பாம்பு வரும் என்று சொல்லி முதலில் வேலி போட்டார். பிறகு துணி காயப்போட்டார். எல்லைக்கற்கள் காலைத் தடுக்கின்றன என்று மண் கொட்டி மூடினார். போன வருடம் புல் பதித்தார். இந்த வருடம் மகள் ஸ்டெஃபியின் வரன் படிவத்தில், 'பெண்ணுக்குச் சீராக அரை கிரவுண்டு புல்தரை' என்று தன் கையாலேயே எழுதினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பரான அவர், கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடமாட்டார்.

இருபத்தொன்பது வயதில் ஸ்டெஃபி "சரிப்பா" என்று சொன்ன முதல் வரன் ரிச்சர்ட். அது தட்டிப்போனால் அவள் இன்னொரு "சரிப்பா" சொல்லமாட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ரிச்சர்டின் அப்பா ஜோஸ், வில்லிவாக்கத்துக்காரர், போட்டோவைப் பார்த்த அன்றே போன் செய்தார்.

"பிரதர், அந்தப் புல்லு உங்க வீட்டுக்குக் கிழக்காலயா, மேற்காலயா?"

"கிழக்கால பிரதர்."

"எத்தன அடி?"

"நாப்பதுக்கு முப்பது."

"எதுத்தாப்புல தண்ணி டேங்கு இருக்கா?"

"ஆமாமா, நேர் எதுத்தாப்புல!"

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சதும் கண்டிப்பா வர்றோம் பிரதர்."

"பொண்ணப் பத்தி ஒரு வார்த்த கேக்கலயே?" என்றாள் ஹில்டா.

"புல்லுன்னா அந்த மனுஷனுக்கு உசுரு. அதான் விஷயம். புல்லு நல்லா இருந்தா கல்யாணம் முடிஞ்ச மாதிரி."

அன்றைக்கே லீவு போட்டார். யூடியூபில் ஒருவர் யூரியா ஒரு கைப்பிடி போதும் என்றார். நாள் குறைவாக இருந்ததால் சத்தியராஜ் பாதி மூட்டையை உச்சி வெயிலில் கொட்டினார். மூன்றாம் நாள் மஞ்சள் பழுப்பாகிவிட்டது.

"தண்ணி விட்டுக் கழுவுங்க," என்ற ஹில்டா, வீணாக்கக் கூடாதென்று ஆர்.ஓ. மெஷின் கழித்துவிட்ட தண்ணீரையே பக்கெட் பக்கெட்டாக ஊற்றினாள். குடிதண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று இருவருக்கும் தோன்றவில்லை. பழுப்பாக இருந்தது இப்போது நொறுங்கவும் ஆரம்பித்தது.

சனிக்கிழமை, திருவேற்காட்டு நர்சரியிலிருந்து வேலுசாமி கடப்பாரையோடு வந்தார். வந்ததும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"இன்னா சார் பண்ணி வெச்சிகீறே? வறுத்துல்ல வெச்சிகீறே!"

"நாளைக்குள்ள பச்சையாகணும் வேலுசாமி."

"புல்லுக்கு காலண்டர் தெரியுமா சார்? அது கெடக்கட்டும். மூலைல மட்டும் ஆரம்பத்துலேர்ந்தே மொட்டையா கீதே, அடியில இன்னாமோ கீது."

சத்தியராஜ் தடுப்பதற்குள் கடப்பாரை இறங்கியது. ணங்கென்றது. தோண்டத் தோண்ட ஒரு கல் தெரிந்தது. சிவப்புப் பெயின்ட்டில் 47 என்ற எண் கொஞ்சம்கூட மங்காமல் இருந்தது.

"எல்லக் கல்லு சார். இத்த எட்த்தாதான் வேரு ஓடும்."

"வேணாம், மூடிடுப்பா."

"மூட்னா புல்லு வராது சார்."

புல்லா, மானமா என்று சத்தியராஜ் ஒரு நிமிடம் யோசித்தார். "சரி, எடு. கிணத்துல போட்டுடலாம்." வேலுசாமி நெம்பினார். கல் ஒரு அடி மேலே வந்தது. அத்தோடு வேலுசாமியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் ஆட்டோவில் போனார். கல் அப்படியே நின்றது, மேலேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை.

கடைசியில் பந்தல்காரரிடம் பச்சைப் பிளாஸ்டிக் புல்விரிப்பு வாடகைக்கு எடுத்து மொத்த இடத்தையும் மூடினார்கள். கல் துருத்திக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு குஷனை வைத்தாள் ஹில்டா. பார்க்க முக்காலி மாதிரியே இருந்தது. சத்தியராஜுக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் வந்தார்கள். ரிச்சர்டும் ஸ்டெஃபியும் கேட்டருகிலேயே பேசிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டெஃபி அப்படிச் சிரித்து சத்தியராஜ் பார்த்து ரொம்ப நாளாகிறது. ஜோஸ் மட்டும் உதடு அசைய, விரிப்பின் ஓரமாகவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிதானமாக நடந்தார்.

"ரசிக்கிறாரு பாரு," என்று கிசுகிசுத்தார் சத்தியராஜ்.

"எண்ணுறாருங்க," என்றாள் ஹில்டா.

ஜோஸின் மனைவி வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. நேராகப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். டீயை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் நிழலுக்கு நகர்த்திப் போட்டுக்கொள்ளலாமென்று எழுந்து அதை இழுத்தாள். அசையவில்லை. குஷனை எடுத்தாள். விரிப்பைத் தூக்கினாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அது... அழகுக்கு வெச்சதுங்க," என்றார் சத்தியராஜ்.

அந்த அம்மாள் டீயை ஒரு வாய் குடித்தாள். கேட்டருகே நின்ற ஸ்டெஃபியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"பொண்ண எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க. சீருக்கு மட்டும் வேற எதாச்சும் பாருங்க, இந்த எடத்த நாங்க பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வாங்கிட்டோம்."