கேடயத்தில் ஐந்தெழுத்து

கேடயம் கடைக்கு வந்து, பித்தளைக் குழாய்களுக்கு நடுவே பளபளவென்று உட்கார்ந்த பிறகுதான், அதில் பொறித்திருந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்ற சந்தேகம் குழாய்க்கடை முதலாளிக்கு வந்தது.

வணிகர் சங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். ஆண்டு விழாவில் கௌரவிக்கப்படுகிறவர் தன் பட்டத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தன்னைப் பற்றித் தன்னைவிட நன்றாகப் புளுக வேறு யாரால் முடியும்? பக்தி சம்பந்தமாகச் செயலாளர் சொன்ன நாலைந்து வார்த்தைகளில் முதலாளி ‘பயஸ்’ என்பதைப் பிடித்துக்கொண்டார். இங்கிலீஷில் ஐந்தே எழுத்து. எழுத்து குறைந்தால் பெரிதாக விழும். கடைசி வரிசையில் இருப்பவன் கண்ணிலும் படும். விழா நல்லபடியாக முடிந்தால் அடுத்த சங்கத் தலைவர் அவர்தான். அதே நாற்காலிமேல் டைல்ஸ் கடைக்காரரும் கண் வைத்திருந்தார்.

மனைவி போனில் தேடிப் பார்த்தாள்.

“பக்திமான்னு போட்டிருக்கு.”

“பின்னே, எனக்கென்ன குறைச்சல்?”

“இருங்க. லத்தீன்ல இது பிறந்தப்போ கடமை தவறாதவன்னு அர்த்தமாம். கடவுளுக்கு, நாட்டுக்கு, அப்புறம் பெத்தவங்களுக்கு.”

முதலாளியின் அப்பா ஊருக்கு வெளியே முதியோர் இல்லத்தில் இருந்தார். கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள் என்று மனைவி கேட்டாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், சேர்த்த அன்றைக்கு என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவரல்ல. சமயத்துக்கு வாயில் வரவில்லை.

“பரிதாபத்துக்கான இங்கிலீஷ் வார்த்தையும் இதே வேர்ல இருந்துதான் வந்திருக்கு. இன்னொண்ணும் இருக்கு. பக்திமான் மாதிரி வேஷம் கட்டுறவனையும் இப்படியே சொல்வாங்களாம். இது உங்களுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு.”

முதலாளி நேராகச் செயலாளரின் கண்ணாடிக் கடைக்கு ஓடினார். அந்தப் பட்டத்துக்குத் தனக்குத் தகுதியில்லை, வேறு ஏதாவது பொறித்துவிடலாம் என்றார். வந்த வினை, டைல்ஸ் கடைக்காரரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இந்த அடக்கத்துக்கே இரண்டு பட்டம் கொடுக்கலாம் என்று செயலாளர் உருகினார். டைல்ஸ்காரர் உருகவில்லை. அவரும் வீட்டில் அந்த வார்த்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“கடவுளை மேடைக்குக் கூப்பிட முடியாது அண்ணே. அப்பாவைக் கூப்பிடலாமே. அவர் கையாலேயே கேடயம் கொடுத்துடுவோம்.”

அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றார் முதலாளி. அதனால் என்ன, சங்கமே திரண்டு வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்திலேயே விழாவை வைத்துக்கொள்கிறோம் என்றார் செயலாளர். முதலாளி அவசரமாக, படுக்கை என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் படுப்பார், மற்றபடி குதிரை மாதிரி நடப்பார் என்று மாற்றினார்.

“குதிரை மேடை ஏறட்டும்” என்று முடித்துவிட்டார் டைல்ஸ்காரர்.

இல்லத்திலிருந்து போன் வந்தால் எடுக்காதவர் முதலாளி. எடுத்தால் போர்வை கேட்பார்கள், மூக்குக்கண்ணாடி கேட்பார்கள். இப்போது அவரே கூப்பிட்டார். நாளைக்குப் பெரியவர் சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டையோடு தன் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் எதையோ சொல்ல ஆரம்பித்தார்கள்.

“எல்லாம் நேர்ல பேசிக்கலாம். ஆளை அனுப்புங்க” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வேன் வந்தது. இல்லத்துப் பணியாள் பெரியவரை மெல்ல இறக்கினார். மொட்டைத் தலை, தடித்த கண்ணாடி, வற்றிய கன்னம்.

“மாமா பாதியாயிட்டாரே” என்றாள் மனைவி.

அவளுக்கு அதைவிட ஆச்சரியம் டீ கொடுத்தபோது. சர்க்கரை குறைந்தால் டம்ளரைப் பறக்கவிடுகிற மனுஷன், “ரொம்ப நல்லாருக்கும்மா” என்றார். முதலாளிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

“பார்த்தியா? நாம வச்சுப் பார்த்திருந்தா இப்படித் திருந்தியிருப்பாரா?”

பெரியவர் வீட்டை ஆசையாகச் சுற்றிப் பார்க்க எழுந்தார். தரை இப்போதுதான் துடைத்தது என்று அவரைச் செருப்பு அலமாரி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சாயாதீங்க, சட்டை கசங்கும் என்றார் முதலாளி. மேடையில் அவசரம் வந்துவிடக் கூடாது என்று அதன் பிறகு தண்ணீரும் கிடையாது. அத்தனை குழாய் விற்கிறவர் வீட்டில். சாயங்காலம் வரை பெரியவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் போனவர்கள் செருப்பை எடுத்துக்கொண்டு போனார்கள்.

விழாவில் முதலாளி வெளுத்து வாங்கினார். லத்தீனில் ஆரம்பித்து, கடமையில் கண் கலங்கி, பெற்றவரைப் பேணாதவன் கும்பிட்டு என்ன பயன் என்று சபையைப் பார்த்துக் கேட்டார். முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பெரியவர் கேடயத்தைக் கொடுத்தார்.

டைல்ஸ்காரர் விடவில்லை. மைக்கைப் பெரியவர் வாயருகே கொண்டுபோனார்.

“ஐயா, பிள்ளை எப்படி? மனசுல உள்ளதைச் சொல்லுங்க.”

பெரியவர் முதலாளியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்ல.”

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அடுத்த தலைவர் இவர்தான் என்று செயலாளர் மேடையிலேயே அறிவித்துவிட்டார். டைல்ஸ்காரர் முகம் ஒட்டாத டைல்ஸ் மாதிரி தொங்கிப்போனது.

வாசலில் வேன் காத்திருந்தது. செயலாளரும் இன்னும் பலரும் சுற்றி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, முதலாளி தொண்டையைக் கனைத்தார். அப்பா இனிமேல் எங்கேயும் போக மாட்டார், கடைசி வரைக்கும் தன்னோடுதான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

பெரியவர் அதைக் காதில் வாங்காமல், யார் உதவியும் இல்லாமல், அவசரமாக வேனில் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துக்கொண்டார்.

பணியாள் தலையைச் சொறிந்தார். “உங்க அப்பா போன வருஷமே தவறிட்டாருங்க, எத்தனையோ தடவை கூப்பிட்டோம், நீங்க எடுக்கல, இவரு பக்கத்துக் கட்டில்காரரு, தனக்கொரு பிள்ளை இல்லையேன்னு ரொம்ப நாளா ஒரு ஏக்கம், ஒரு நாள் பிள்ளை வீட்டுல இருந்து பார்க்கிறேன்னு வந்தாரு, இப்போ அது சுத்தமாத் தீர்ந்துபோச்சாம்.”